செல்லுக்கே கரண்ட் கொடுத்த பெண்

கல்யாணப் பந்தியில இலை போட்டாச்சு, வாசனை இங்க வரைக்கும் வருது... பயப்படாதீங்க, ஒரு சின்னக் கதை. சொல்லிட்டு மைக்கைக் கொடுத்துடுறேன்.

ஒரு காலேஜுல நித்திலான்னு ஒரு பொண்ணு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தா. என்ன ஆராய்ச்சி? சோலார் செல்! மொட்டை மாடியில வைக்கிறோமே, அந்தக் கனமான பலகை இல்லீங்க. கார்பன் சேர்மத்தை மை மாதிரி கரைச்சு, மெல்லிசாப் பூசிக் காயவெச்சு செய்யுறது. துணி மாதிரி வளையும். ஆனா ஒரு குறை... விழுற வெளிச்சத்துல பெரும்பங்கு வழியிலேயே வீணாப் போயிடுது. எங்க போகுது? அதுதான் தெரியல!

அவளோட பேராசிரியர் ஞானசிகாமணி. தங்கமான மனுஷன்... வாயைத் திறக்காத வரைக்கும். "மாசக் கடைசிக்குள்ள இழப்பைக் குறைச்சுக் காட்டு. இல்லேன்னா இந்த ஆராய்ச்சியை மூடிடு"ன்னுட்டார். நாலு வருஷ உழைப்புங்க! சும்மா விட்டுட முடியுமா?

ஒரு நாள் மத்தியானம் ஆய்வகக் கதவைத் திறக்கிறார். உள்ள ஒரே இருட்டு.

"ஏம்மா, கரண்ட் போயிடுச்சா?"

"இல்ல சார். நான்தான் லைட்டை அணைச்சேன்."

"சோலார் செல்லைக் கையில வெச்சுக்கிட்டு... லைட்டை அணைச்சியா?"

"ஆமா சார். கரண்ட்டும் கொடுத்துக்கிட்டிருக்கேன்."

"யாருக்கு?"

"செல்லுக்குத்தான் சார்."

மனுஷன் ஸ்டூல்ல உக்காந்துட்டார். "கறக்கிற மாட்டுக்கே பாலை ஊத்துறியேம்மா!"

அவ நிதானமாச் சொன்னா... "சார், கொடுத்த கரண்ட்டைச் சில செல் சூடா மாத்தி வீணடிச்சிடும். சிலது வெளிச்சமாத் திருப்பித் தரும். எது நல்லா ஒளிருதோ, அதுலதான் வெயில்லயும் இழப்பு கம்மி. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, இருட்டுல இந்த கேமராவுலதான் தெரியும், பாருங்க."

பார்த்தார். அவரே ஆசையாத் தேர்ந்தெடுத்த மைக் கலவையில செஞ்ச செல்... கும்மிருட்டு. 'குப்பையில போடு'ன்னு அவர் சொன்ன கலவை... ஜொலிக்குது!

"லென்ஸ்ல தூசி இருக்கும். துடை."

துடைச்சா. "இப்ப இன்னும் நல்லா ஜொலிக்குது சார்."

அந்தக் கலவையில செஞ்ச செல்லை வெயில்ல வெச்சாங்க. வோல்டேஜ் ஏறுச்சு, ஆராய்ச்சி பிழைச்சுது, நித்திலா விக்கி விக்கி அழுதா. பேராசிரியர் என்ன சொன்னார் தெரியுமா? "நான்தான் அப்பவே சொன்னேனே!"

சிரிக்கிறீங்க... நம்ம வீட்டுல என்ன நடக்குது? வந்த மருமக என்ன கொண்டுவந்தா, என்ன சமைச்சா, எவ்வளவு சம்பாதிச்சா... வாங்கி வாங்கியே அளக்குறோம். வாங்கிப் பாத்தா கணக்குதாங்க தெரியும். கொடுத்துப் பாத்தாத்தான் மனுஷங்க தெரிவாங்க! வீட்டுல அன்பு எங்க வீணாப் போகுதுன்னு தேடுறீங்களா? முதல்ல நீங்க கொஞ்சம் கொடுங்க, எதிர்ல இருக்குற முகத்தைப் பாருங்க.

மாப்பிள்ளை! நாளைக்குக் காலையில உங்க பொண்டாட்டிக்கு முதல் காப்பி நீங்கதான் போடணும்.

என்ன சம்பந்தியம்மா, முறைக்கிறீங்க? இத்தனை வருஷத்துல உங்களுக்கு யாராவது ஒரு காப்பி போட்டுக் கொடுத்திருக்காங்களா?... மாப்பிள்ளை, ரெண்டு டம்ளரா எடுங்க. முதல் டம்ளர் அம்மாவுக்கு!