412-ஆம் அறைக் கதவுக்குப் பெயிண்ட் அடித்தது குறித்து

பென்சில்வேனியா மாநிலம், வெல்டன் ரிட்ஜ் நகரம், ஹேசல் தெரு, 38-ஆம் எண் வீட்டில் குடியிருக்கும் லியோனர்ட் ஸ்டான்கஸ், வயது 57, தகப்பனார் பெயர் ஆன்டன் (காலமாகிவிட்டார்), தொழில் பெயிண்டர் ஆகிய நான், நவம்பர் 21, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, நீதிமன்றப் பதிவாளர் முன்பாக உறுதிமொழி எடுத்துக்கொண்டு சொல்வதாவது. மாணவி அவிவா வெக்ஸ்லர் தரப்பு வழக்கறிஞர் திருமதி எஸ்டெல் ப்ரோட்ஸ்கியும், கல்லூரி தரப்பு வழக்கறிஞர் திரு. ஹாலோவேயும் உடன் இருக்கிறார்கள்.

நான் வெல்டன் ரிட்ஜ் கல்லூரியின் பராமரிப்புப் பிரிவில் இருபத்து மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். மாணவர் விடுதிகளின் சுவர், கதவு, ஜன்னல் எல்லாம் என் பொறுப்பு. என் மேலதிகாரி திரு. டக் ப்ரூவிட். ஓய்வு பெற எனக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

நவம்பர் 2-ஆம் தேதி சனிக்கிழமை எனக்கு விடுமுறை. அன்று கல்லூரியில் பெற்றோர்கள் பிள்ளைகளைப் பார்க்க வரும் நாள். காலை சுமார் ஒன்பது மணிக்கு ப்ரூவிட் போனில் கூப்பிட்டு, “லென், உடனே கிளம்பி வாப்பா. நாலாவது மாடியில அந்த யூதப் பொண்ணு ரூம் கதவுல எவனோ கிறுக்கி வச்சிருக்கான். பத்தரைக்கு அப்பா அம்மாக்களெல்லாம் மாடி ஏறிடுவாங்க. அதுக்குள்ள அது இருந்த இடம் தெரியக் கூடாது” என்றார். அதன் பிறகு நான் பெயிண்ட் டப்பா, பிரஷ், கறை வெளியே தெரியாமல் அடிக்கும் பிரைமர் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு ஒன்பது நாற்பதுக்கு மேற்படி மாடிக்குப் போனேன்.

412-ஆம் அறைக் கதவில் கறுப்பு மார்க்கரால் ஹிட்லர் கொடியில் இருக்கும் கொக்கிச் சிலுவை வரையப்பட்டிருந்தது. என் முழங்கை நீளம் இருக்கும். அதன் கீழே ‘மூட்டையைக் கட்டு’ என்று எழுதியிருந்தது. கதவு நிலையில் யூதர்கள் வழக்கப்படி பிரார்த்தனைச் சுருள் வைத்து ஒட்டியிருந்த சின்ன மரப்பெட்டி பாதி பெயர்ந்து தொங்கியது. இவற்றை நான் என் கண்ணால் பார்த்தேன். கிறுக்கியவன் நிதானமாக நின்று கோட்டை நேராக இழுத்திருந்தான் என்பதும் என் தொழில் கண்ணுக்குத் தெரிந்தது.

கதவுக்கு முன்னால் அந்த அறை மாணவி அவிவா வெக்ஸ்லர் நின்றுகொண்டிருந்தாள். இரண்டாம் வருடம் வேதியியல் படிக்கும் பெண். யூதர்கள் சனிக்கிழமை இருட்டும் வரை கடைப்பிடிக்கும் ஓய்வுநாளுக்கான நல்ல உடையில் இருந்தாள். அவளைப் போலவே ஓய்வுநாள் கடைப்பிடிக்கும் பக்கத்து அறைப் பெண்கள் இருவரும் கூட நின்றார்கள். நான் டப்பாவைக் கீழே வைத்ததும் அவள், “சார், சாயங்காலம் வரைக்கும் இத விட்டு வைக்க முடியுமா? இருட்டினதும் நானே போட்டோ எடுத்துப் புகார் எழுதிடுவேன். ஆபீஸ்ல காலையிலயே வாயால சொல்லிட்டேன், போன்ல படிவத்த நிரப்புன்னு சொல்றாங்க. இன்னைக்கு நான் போனத் தொட மாட்டேன்” என்றாள்.

“இருட்டுற வரைக்கும் காத்திருந்தா என் வேலை போயிடும்மா. போன்தான் ரூமுக்குள்ளயே இருக்கே, ரெண்டு தட்டு தட்டினா முடிஞ்சுது!” என்றேன்.

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். எனக்கு எரிச்சல் வந்தது. பாத்ரூமுக்குப் போனாலும் போனோடு போகிற பிள்ளைகளைத்தான் இத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். ஆனாலும் மனசு கேட்காமல் என் போனை வெளியே எடுத்து, “நான் எடுக்கட்டுமா? எடுன்னு ஒரு வார்த்த சொல்லு” என்று கேட்டேன்.

அதற்கு அவள், “எடுங்கன்னு என்னால சொல்ல முடியாது சார். ஆனா இது அப்படியே காணாமப் போயிட்டா, நான் சொல்றத யாரும் நம்ப மாட்டாங்க” என்றாள்.

நான் அதை வேண்டாம் என்று எடுத்துக்கொண்டேன். போனைப் பைக்குள் போட்டேன். அதன் பிறகு பிரைமர் அடித்து, அது காய்ந்ததும் இரண்டு பூச்சு பெயிண்ட் அடித்தேன். தொங்கிக்கொண்டிருந்த பெட்டியை அவள் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். நான் முடிக்கும் வரை மூவரும் அங்கேயே நின்றார்கள். ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் வேலையைச் சுத்தமாகச் செய்கிறவன், எத்தனை வருடம் ஆனாலும் அந்த மை மேலே வராது. அந்தச் சுத்தம்தான் இப்போது அந்தப் பெண்ணுக்கு வினையாக நிற்கிறது.

அன்று மாலை இருட்டிய பிறகு அவிவா புதுப் பெயிண்ட் அடித்த கதவைப் படம் எடுத்துப் புகார் அனுப்பியிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை ப்ரூவிட் என்னைக் கூப்பிட்டு ஒரு தட்டச்சுத் தாளை நீட்டினார். ‘மேற்படி கதவில் தேய்மானத்தைத் தவிர வேறு எதையும் நான் காணவில்லை’ என்று அதில் இருந்தது. “போடு லென், பேர் கெட்டா எல்லாருக்கும்தான் கெடும்” என்றார். நான் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை.

அந்தத் தாளை வைத்து, அவிவா பொய்ப் புகார் கொடுத்தாள் என்று கல்லூரி அவள் மேலேயே குற்றம் சாட்டியது. கூட நின்ற இரண்டு பெண்களும் தோழிகள் என்பதால் அவர்கள் பேச்சு எடுபடவில்லை. வருகிற 25-ஆம் தேதி திங்கட்கிழமை விசாரணை. நிரூபணமானால் அவளைக் கல்லூரியை விட்டு நீக்கிவிடுவார்கள்.

அதன் பிறகு 11-ஆம் தேதி திருமதி ப்ரோட்ஸ்கி எங்கள் பெயிண்ட் கிடங்குக்கு வந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். ரப்பர் காலணி, கையில் சொந்த காபி பிளாஸ்க். கல்லூரிகளில் யூதப் பிள்ளைகளுக்கு நடக்கும் கொடுமைகளுக்காக வழக்காடுகிறவர் என்று சொன்னார். ஏணி மேல் நின்றபடியே, நான் பேச மாட்டேன் என்றேன். “சரி, ஏணி மேல நிக்கிற ஆள்கிட்ட நான் வாதாடுறதில்ல” என்று சிரித்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். நான் வேண்டுமென்றே வம்புக்கு இழுத்து, “காலேஜ் புல்வெளியில யூத நாட்டு அரசாங்கத்துக்கு எதிரா கொடி பிடிச்சுக் கத்துறாங்களே பசங்க, அவங்க வாயையும் மூடப்போறீங்களா?” என்று கேட்டேன்.

“நான் ஏன் மூடணும்? அரசாங்கத்தத் திட்டுறது அவங்க உரிமை. அந்த உரிமைக்காகவும் நான் கோர்ட்டுல நின்னிருக்கேன். இது ஒரு பொண்ணு தூங்குற ரூம் கதவு லென். ரெண்டுக்கும் வித்தியாசம் உங்களுக்குத் தெரியாதா என்ன?” என்றார். தெரியும்.

அவர் கிளம்பும்போது நான், “நானே போட்டோ எடுக்கறேன்னு சொன்னேன், உங்க பொண்ணுதான் வேணாம்னுட்டா” என்று முணுமுணுத்தேன். அவர் நின்றுவிட்டார். “அவ என்ன சொன்னா? ஒரு வார்த்த விடாம சொல்லுங்க” என்றார். சொன்னேன். அவர் பிளாஸ்க்கைத் தரையில் வைத்துவிட்டுப் பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்துவிட்டார்.

“எங்க ஓய்வுநாள்ல நாங்க செய்யக் கூடாத வேலைய, வேற ஆள்கிட்ட செய்யச் சொல்றதும் கூடாது லென். அவளா வாயத் திறந்து ‘எடுங்க’ன்னு சொல்லக் கூடாது. ஆனா என்ன நெலமைன்னு சொல்லலாம். நீங்களா எடுத்திருந்தா அவளுக்கு உயிர் வந்திருக்கும். அவளால முடிஞ்ச அளவுக்கு உங்ககிட்ட கெஞ்சியிருக்கா” என்றார். அன்று வீட்டுக்குப் போய் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

18-ஆம் தேதி மூன்றாவது முறையாக வந்தார். சாட்சி சொல்லுங்கள் என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ ஒரு சீட்டைக் கொடுத்தார். “இவர் தொழிலாளர் பக்கம் வாதாடுற வக்கீல், எனக்கு வேண்டியவரும் இல்ல. மொதல்ல இவரப் பாருங்க. பேசினா உங்களுக்கு வேலை போகலாம், முன்னாடி போட்ட கையெழுத்துக்கு வழக்கும் வரலாம். அத மறைச்சு உங்கள நான் கூட்டிட்டுப் போனா, ப்ரூவிட்டுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? இது தெரிஞ்சும் பேசணும்னு தோணினா வாங்க. தோணலன்னா உங்க மேல எனக்குக் கோவமே கிடையாது” என்றார்.

அந்தப் பெண் ஜெயிக்க என் ஒருவன் வாய்தான் மிச்சம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அப்படிச் சொன்னார். இத்தனை வருட வேலையில் என்னிடம் இவ்வளவு நேர்மையாகப் பேசிய அதிகாரி ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

மறுநாள் நான்காவது மாடியில் ஜன்னல் வேலைக்குப் போனேன். 412-ஆம் அறை திறந்திருந்தது. அவிவா புத்தகங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, “நல்லா இருக்கீங்களா சார்?” என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். கதவில் எவனோ ஒரு அயோக்கியன் எழுதிப் போனதைக் கல்லூரியும் நானும் சேர்ந்து நிறைவேற்றிக்கொண்டிருந்தோம். நான் பிரஷ்ஷை அப்படியே வைத்துவிட்டு இறங்கினேன். சீட்டில் இருந்த வக்கீலைப் போய்ப் பார்த்தேன். வாயைத் திறக்காமல் இருப்பதே எனக்கு நல்லது என்றுதான் அவர் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டுதான் இன்று இங்கே வந்திருக்கிறேன்.

திரு. ஹாலோவே குறுக்கு விசாரணை செய்ததில்: செவ்வாய்க்கிழமைத் தாளில் இருப்பது என் கையெழுத்துதான், இந்த வாக்குமூலத்திலும் நான்தான் கையெழுத்துப் போடப்போகிறேன். என் வேலைக்கு ஆபத்து என்று தெரியும். திருமதி ப்ரோட்ஸ்கி எனக்கு எதுவும் தரவில்லை, தருவதாகச் சொல்லவும் இல்லை.

‘இரண்டில் ஒன்று பொய் என்றால், நீர் எப்போது பொய் சொன்னீர்?’ என்று கேட்டதற்கு: செவ்வாய்க்கிழமை. அந்தப் பொய்யை நம்பி அந்தப் பெண்ணை அனுப்பிவிடாதீர்கள். அனுப்பத்தான் வேண்டுமென்றால் என்னை அனுப்புங்கள்.

நான் சொன்னது இவ்வளவுதான். பதிவாளர் முதலிலிருந்து வாசிக்கக் கேட்டேன். எந்த வரியையும் மாற்றவோ அடிக்கவோ வேண்டாம் என்று சொல்லி, என் சுயநினைவோடு கீழே கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) லியோனர்ட் ஸ்டான்கஸ்