ஒருசந்திச் சோறு

எனக்குப் பசி பொறுக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பரீட்சை மண்டபத்துக்குக்கூடச் சட்டைப் பையில் பொரிவிளாங்காய் வைத்துக்கொண்டு போயிருக்கிறேன். பசியென்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்தவன் நான். அதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது பல்கலைக்கழகத்தில் உயிர் இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் நகையோடும் தையல் மெசினோடும் கடலேரியைக் கடந்தார்கள். நான் ஒரு நுணுக்குக்காட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மாங்குளத்துக்குக் கிழக்கே, காட்டோர முகாமில் ஒரு கொட்டில் கிடைத்தது. பக்கத்துக் கொட்டிலில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த அருளப்பு, அவர் மனைவி அற்புதம், மகள் நிரோசினி. கடலில்லாத ஊரில் அருளப்பு விறகு வெட்டிப் பிழைத்தார்.

"சேர், கிருமியைப் பாத்துப் பாத்து நீங்களும் கிருமி மாதிரி வந்திட்டியள்," என்பார். "காத்தடிச்சா எதையாவது இறுக்கிப் பிடியுங்கோ."

கிருமியும் அதைத்தான் செய்கிறது. வயிற்றோட்டக் கிருமி குடலில் மிதந்துகொண்டிருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. குடற்சுவரின் கலங்களில் அதற்குப் பொருந்தும் ஏற்பிகள் உண்டு, பூட்டைப் போல. அதில் தன் திறப்பைக் கொளுவிப் பிடித்துக்கொண்டால்தான் ஆளைக் கொல்லும். பூட்டுகளை வேறொன்றால் முதலே அடைத்துவிட்டால் கிருமி வழிந்து வெளியே போய்விடும். காட்டு அவரையொன்றின் விதையில் அப்படியொரு புரதத்தைக் கண்டேன். முகாமில் வயிற்றோட்டம் பரவியபோது, அந்த விதையை மாவாக்கிக் கஞ்சியில் கலந்து நோயில் விழுந்த நிரோசினிக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தேன். அவளுக்கு நின்றுவிட்டது. அற்புதம் என் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிறகுதான் கவனித்தேன். பிள்ளை சாப்பாடு கேட்கவில்லை. வயிறு நிறைந்துவிட்டதென்று மூளைக்குச் சொல்லும் கலங்களும் அதே சுவரில்தான் இருக்கின்றன. என் புரதம் அவற்றையும் பிடித்து, நிறைந்துவிட்டது நிறைந்துவிட்டது என்று ஓயாமல் சொல்லவைத்தது.

அப்போது தபசுகாலம், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள். கத்தோலிக்க வேதக்காரர் ஒருசந்தி பிடிப்பார்கள், ஒருநேரம் மட்டும் சாப்பிடுவார்கள். அப்படி மிச்சம் பிடித்த சோற்றை இல்லாதவனுக்குக் கொடுப்பது அருளப்பு வீட்டு வழக்கம்.

"பாருங்கோ சேர், இந்த வயசில ஒருசந்தி பிடிக்கிறாள்," என்றார் அற்புதம். அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. "நான் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அவளாத்தான்." சோற்றுக் கோப்பையை என் முன்னால் வைத்தார். "இது அவளின்ர பங்கு. தனியாள் நீங்கள், ஆர் உங்களுக்குச் சமைச்சுத் தரப்போகினம்?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சோறு சூடாக இருந்தது.

மருந்தை நான் நிறுத்தவில்லை. கிருமி திரும்பி வரக்கூடும். தொடங்கிய அவதானிப்பைப் பாதியில் விடுவதும் முறையல்ல. ஓமந்தைக்கு அங்கால் நிவாரண அரிசி லொறிகள் மறிக்கப்பட்டிருந்தன. மற்றப் பிள்ளைகள் பசியில் அழுதார்கள். நிரோசினி மட்டும் அழவில்லை. என் வாசலில் குந்தியிருந்து நுணுக்குக்காட்டிக்குள் பார்ப்பாள்.

"மாமா, இது என்ன செய்யுது?"

"சாப்பிடுது."

"பாவம். அதுக்குப் பசிக்குதாக்கும்."

அருளப்பு ஒருநாள் என்னை நின்று பார்த்தார். "சேருக்கு இப்ப கன்னம் வைச்சிருக்கு. எங்கட சோறு பிடிச்சிட்டுது." அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

உயிர்த்த ஞாயிறுக்குச் சற்று முன் லொறி வந்தது. பெருநாளன்று அற்புதம் ரொட்டி சுட்டுச் சீனி தூவிக் கொண்டுபோனார். "ஒருசந்தி முடிஞ்சுதடி. வாயைத் திற." பிள்ளை கிடுகுப் பக்கமாகத் திரும்பிப் படுத்தது. "ஆண்டவருக்காகப் பட்டினி கிடந்தது காணும். இனி அம்மாவுக்காகத் தின் ராசாத்தி." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்கள் சொல்லுங்கோ சேர். நீங்கள் சொன்னாக் கேப்பாள்."

நானும் சொல்லிப் பார்த்தேன். மருந்தையும் அன்றோடு நிறுத்தினேன். ஆனால் அந்தப் புரதம் பிடித்த இடத்தை இலேசில் விடாது. அது எனக்கு முதலே தெரியும்.

அடுத்த ஞாயிறுக்குள் அவளைப் புதைத்தோம். அருளப்பு பெட்டியை ஒரு கையால் தூக்கினார்.

நான்தான் கொன்றேன் என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கையொப்பம் வைக்கிறேன். ஆனால் அவள் ஒருநாளும் பசியால் வருந்தவில்லை. அதையும் சேர்த்து எழுதுங்கள். முகாமில் வேறெந்தப் பிள்ளைக்கும் அந்தக் கொடுப்பினை இருக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவன்று அற்புதம் கோப்பையோடு வந்து நின்றார். "பிள்ளையின்ர பேரில, சேர். அவள் உங்களுக்குக் குடுத்துத்தானே பழக்கம்."

அன்று எனக்குப் பசியே இருக்கவில்லை. முழுவதையும் சாப்பிட்டது, அவர் மனம் நோகக்கூடாது என்பதற்காகத்தான்.