ஒரு கிட்டாருக்கு ஒரே பெட்டி

தலைமை நாற்காலியையும் அதன் இரு கைப்பிடிகளையும் நிறைத்து வீற்றிருக்கும் நம் இசைக்குழுத் தலைவர் அவர்களே! தீர்மானத்தை வாசிக்கும் முன்பே தீர்ப்பைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் செயலாளர் அவர்களே! தாளம் தவறினாலும் தலைகுனியாத டிரம் கலைஞரே! அவையை அலங்கரிக்கும் பெரியோர்களே! அழும் பிள்ளையைத் தோளிலும் அடக்கிய சிரிப்பை உதட்டிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! இக்குழுவின் ஒலியமைப்பைக் கவனிப்பவள் என்னும் உரிமையோடு உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

இன்றைய தீர்மானம் யாது? நம் கிட்டார் கலைஞரின் விரல்கள் தளர்ந்துவிட்டனவாம். வாசிப்பு மங்கிவிட்டதாம். ஆகவே அவரைக் குழுவிலிருந்து நீக்க வேண்டுமாம்! அந்தக் கலைஞர் என் அண்ணனின் மனைவி. நாத்தனார் ஒருத்தி அண்ணிக்கு வக்காலத்து வாங்க மேடையேறுகிறாள் என்றால், அந்தக் குற்றச்சாட்டு எவ்வளவு அபத்தமாக இருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்! மூன்றாம் வரிசையில் சிரிக்கும் அம்மா, உங்கள் நாத்தனாரும் வந்திருக்கிறாரா? அப்படியானால் சற்று மெதுவாகச் சிரியுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். அண்ணியிடம், கிட்டார் ஒலியைப் பெருக்கித் தரும் டிஜிட்டல் ஆம்ப் ஒன்று உண்டு. செருப்பு வாங்கினால் தருகிற பெட்டி அளவுதான். ஆனால் அதன் வயிற்றுக்குள் எத்தனை ஆம்ப்ளிஃபயர்களின் குரல்! குழையும் குரல், கொதிக்கும் குரல், கோபித்துக்கொண்டு பிறந்தகம் போகும் குரல்! அத்தோடு நிற்கிறதா? அந்தக் குரல்களுக்கு ஏற்ற ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியையும் சேர்த்தே போலியாக எழுப்புகிறது. ஹெட்போனை மாட்டினால், பெட்டியே இல்லாத அறையில் பெரும்பெட்டி முழங்கும். கேட்ட நாங்கள் சொக்கிப் போனோம்.

பூரித்துப்போன என் அண்ணன், நான்கு ஸ்பீக்கர்கள் பதித்த, இடுப்பு உயரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார்.

“எதுக்குண்ணா இவ்வளவு பெருசு?” என்றேன்.

“பின்னாடி பெட்டி இல்லாம நின்னா, உங்க அண்ணி வாசிக்க வந்தவளா வேடிக்கை பாக்க வந்தவளான்னு எப்படித் தெரியும்?”

“கையில கிட்டார் இருக்கே, அது போதாதா?”

போதவில்லை! அன்று பிடித்தது சனியன். ஒத்திகை அறையில் ஆம்பை அந்தப் பெட்டியோடு இணைத்து அண்ணி தந்தியை மீட்டியதும் நம் டிரம் கலைஞர் குச்சியை நிறுத்திவிட்டு, “அக்கா, கம்பளிக்குள்ள புகுந்துக்கிட்டு வாசிக்கிறீங்களா?” என்றார். செயலாளர், “வயசாகுதில்லம்மா, விரல் விழல” என்றார். தலைவரோ, “இதவிடப் பெரிய பெட்டியா வாங்கிப் பாருங்க” என்றார். வாங்கியிருந்தால் வைக்க மேடை போதாது, நாம் தெருவில் நின்று வாசித்திருப்போம்!

அண்ணி என்ன செய்தார்? சொன்னதை நம்பினார். விரல்நுனித் தோல் உரியுமட்டும் பயின்றார். கடைசியில் கிட்டாரை உறைக்குள் வைத்து இழுத்து மூடிவிட்டு, “விடும்மா, அவங்க அனுப்புறதுக்குள்ள நானே போயிடறேன்” என்றார். அந்தக் குரலைக் கேட்டபின்தான் நான் ஆம்பின் பின்னே குனிந்தேன்.

அவையோரே! குற்றவாளி விரலா? ஆம்புக்குள்ளே ஒரு போலிப் பெட்டி, வெளியே ஓர் அசல் பெட்டி! உள்பெட்டியில் புகுந்த ஒலி கூர்மையை இழந்து, வெளிப்பெட்டியில் புகுந்து மிச்சத்தையும் இழந்தது. கோட்டுக்குமேல் கோட்டு, அதற்குமேல் போர்வை என்று போர்த்திவிட்டு, நடனமாட வந்தவளைப் பார்த்து, “உனக்கு இடுப்பே இல்லையே” என்று கேட்பது நியாயமா?

பின்வரிசைத் தம்பி கேட்கிறார், “அப்ப பெட்டியத் தூக்கிப் போட்டுடலாமா?” வேண்டாம் தம்பி, தூக்குவதற்கே நான்கு பேர் வேண்டும். கிட்டாருக்கென்றே செய்த பெட்டி வெளியே இருந்தால், உள்ளிருக்கும் போலியை அணையுங்கள். அரங்கத்தின் பொது ஸ்பீக்கருக்கு நேராக அனுப்பினால், போலியை இயக்குங்கள். பொது ஸ்பீக்கர் கொடுத்ததைக் கொடுத்தபடியே ஒலிக்கும். அங்கே போலியும் இல்லையென்றால் குளவிக்கூட்டைக் கலைத்ததுபோல் காதைக் குடையும். பெட்டி வாங்கப் போகிறவர்கள் உயரத்தை அளக்காதீர்கள், குரலைக் கேளுங்கள். குழையும் குரலுக்கு முதுகு திறந்த ஒற்றை ஸ்பீக்கர் பெட்டி அழகு. உறுமும் குரலுக்கு முதுகு மூடிய நான்கு ஸ்பீக்கர் பெட்டி அழகு. எந்தக் கல்லூரியும் எனக்கு இதைக் கற்பிக்கவில்லை. மாற்றி மாற்றி மாட்டி, என் காதால் கற்றேன். உங்கள் காது வேறு சொன்னால் உங்கள் காதையே நம்புங்கள். அடுத்தவர் வாயை மட்டும் நம்பாதீர்கள்!

அண்ணா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பெட்டி உறுமப் பிறந்த பெட்டி, அண்ணியும் அப்படித்தான்.

இனி வாக்கெடுப்பு. கண்ணால் கேட்டே பழகிய அவை இது. ஆகவே திரையை இழுத்துவிட்டேன். பின்னால் அண்ணி நிற்கிறார். அதே பாட்டு, அதே விரல். முதலில் இரண்டு பெட்டிகளோடும், அண்ணி...

கேட்டீர்களா? செயலாளர் தலையாட்டுகிறார், “நான்தான் சொன்னேனே” என்று. பொறுங்கள் ஐயா. இதோ, உள்பெட்டியை அணைக்கிறேன். அண்ணி, மறுபடியும்...

ஆகா! ஒவ்வொரு தந்தியும் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு வருகிறதே! இந்த விரலா தளர்ந்தது? இந்த விரலையா வெளியேற்றுவது? தீர்மானத்தை ஆதரிப்போர் கை தூக்குங்கள். ஒருவர்கூட இல்லையா? செயலாளர் அவர்களே, தங்கள் கைகள் எங்கே? ஓ, தட்டிக்கொண்டிருக்கின்றனவா! நிறுத்தாதீர்கள் ஐயா, இன்னும் பலமாகத் தட்டுங்கள்.

பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், பொறுக்காமல் குறுக்கே பேசிய தம்பிக்கும், தாய்மார்களுக்கும் நன்றி. அண்ணி, திரையை விலக்கிக்கொண்டு வெளியே வாருங்கள், இது உங்கள் மேடை. எல்லோருக்கும் என் வணக்கம்!