வரிசையில் நின்ற இரண்டு பிரியாவிடைகள்

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி எல்லாவற்றையும் காவல் நிலைய எழுத்தர் முதல் தாளிலேயே எழுதிக்கொண்டுவிட்டார். வயது நாற்பத்தொன்று. குடியிருப்பது துணி தேய்க்கும் கடைக்கு மேல்மாடியில், என் அண்ணன் குடும்பத்தோடு. தொழில் என்ற இடத்தில் எழுத்தர் "வேலையில்லை" என்று எழுதினார். அதை அடிக்கச் சொல்லி, செய்தி திருத்துபவர் என்று எழுத வைத்தேன். வேலையைத்தான் பிடுங்கினார்கள், தொழிலை அல்ல. அலுவலகத்தில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மற்றவர்கள் எழுதியதை வெட்டுகிறவள் என்பதால் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த வாக்குமூலத்தை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், சுயநினைவோடும் கோபத்தோடும் கொடுக்கிறேன். கோபத்தோடு என்று எழுதும் வழக்கம் இல்லை என்றார் எழுத்தர். அது இல்லாவிட்டால் வாக்குமூலம் முழுமையாகாது என்று சொன்ன பிறகு எழுதிக்கொண்டார்.

நான் வேலை பார்த்தது விளையாட்டுக்கும் சினிமா, பாட்டு, தொடர்களுக்குமான ஓர் இணையதளத்தில். தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறேன். கால்பந்து எழுதுகிறவரை விசில் என்போம், வயதில் மூத்தவர், எனக்கு அண்ணன் முறை மாதிரி. சினிமா எழுதுகிற பெண்ணை ரீல் என்போம், அவள் என்னை அக்கா என்பாள். எங்கள் தளத்தில் அதிகம் படிக்கப்பட்டது இந்த இரண்டு பேரும் சேர்ந்து வாராவாரம் எழுதியது. ஏதாவது ஒரு சினிமாவில் கதாநாயகன் கடைசிக் காட்சியில் போடுகிற கோலை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அது ஆஃப்சைடா இல்லையா என்று விசில் தீர்ப்பு சொல்வார். அந்த நேரத்தில் பின்னணியில் பாட்டு ஓடியதால் செல்லும் என்று ரீல் வாதாடுவாள். பெரும்பாலான கதாநாயகர்களுக்கு விசில் கோல் கொடுத்ததில்லை. இது வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று ஆய்வாளர் சொன்னார். சம்பந்தம் உண்டு, மூடப்பட்டது என்ன என்று தெரிந்தால்தான் மூடியவர்கள் செய்தது தெரியும்.

இனி எங்கள் வேலை நடக்கும் முறையைச் சொல்கிறேன், வழக்கே அதில்தான் இருக்கிறது. ஆட்டம் முடிந்த மறுவினாடி எல்லோரும் ஒரே நேரத்தில் தளத்துக்கு வருவார்கள். அந்த நெரிசலில் புதிதாக ஒரு செய்தியை ஏற்றினால் தளம் திணறி நின்றுவிடும். ஏற்கெனவே வரிசையில் வைத்த செய்தி மட்டும் தடையில்லாமல் போகும். அதனால் ஒவ்வொரு பெரிய ஆட்டத்துக்கும் இரண்டு செய்தி முன்கூட்டியே எழுதி, இரண்டையும் வரிசையில் நிறுத்திவிடுவோம். நம் அணி ஜெயித்தால் போகவேண்டியதற்குச் சிரிப்பு என்று பெயர், தோற்றால் போகவேண்டியதற்கு அழுகை என்று பெயர். ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்து, இரண்டில் எது நடக்கவில்லையோ அதை வரிசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் ஆட்டம் முடிந்ததும் இரண்டும் தானாகவே போகும். அந்த ஒருவர் நான். இத்தனை வருடத்தில் ஒரு முறைகூடத் தப்பான செய்தி போனதில்லை. சினிமா விருது விழா என்றாலும் இதே முறைதான். மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று இதைப் பலமுறை வேடிக்கை பார்த்திருக்கிறார்.

சில மாதங்களுக்கு முன் தளத்தை ஒரு புது நிறுவனம் வாங்கியது. வாங்கியவரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை, மேலாளர் மூலமாகத்தான் எல்லாம் வரும். முதலில் மேசைகளைக் குறைத்தார்கள். அதன் பிறகு குடிதண்ணீர்க் கேனை நிறுத்தினார்கள். அதன் பிறகு, எந்த அணி ஜெயிக்கும் என்று பணம் கட்டி ஆடுகிற சூதாட்ட விளம்பரங்களைப் போடச் சொன்னார்கள். நாங்கள் மாட்டோம் என்று சொல்லிவிட்டோம். விசில்தான் முதலில் சொன்னார், நானும் ரீலும் பக்கத்தில் நின்றோம். அன்றே எங்களுக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று இப்போது புரிகிறது.

நேற்று, இறுதி ஆட்டம் நடந்த நாள் காலையில், மேலாளர் என்னை மட்டும் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, தளம் அன்று மாலையோடு மூடப்படுகிறது என்றும், ஆட்டம் முடியும்வரை மற்றவர்களுக்குச் சொல்லக் கூடாது என்றும் சொன்னார். அதன் பிறகு ஒரு பிரியாவிடைக் குறிப்பை என் கணினிக்கு அனுப்பி, மொழியைச் சரிபார்த்து, ஆட்டச் செய்திக்கு அடுத்தபடியாகப் போகும்படி வரிசையில் நிறுத்தச் சொன்னார். அதன் கீழே எங்கள் எல்லோருடைய பெயரும் இருந்தது. நாங்கள் மகிழ்ச்சியோடும் மனநிறைவோடும் எங்கள் விருப்பப்படி ஓய்வு எடுத்துக்கொள்கிறோம், இதே முகவரியில் நாளை முதல் எங்கள் நண்பர்கள் உங்களை வரவேற்பார்கள், எங்கள்மேல் வைத்த நம்பிக்கையை அவர்கள்மேலும் வையுங்கள் என்று எழுதியிருந்தது. நண்பர்கள் யார் என்று கேட்டேன். நாங்கள் வேண்டாம் என்ற அதே சூதாட்டக்காரர்கள்தான்.

மூடுவதாக இருந்தால் மூடட்டும், கடை அவர்களுடையது. எங்கள் பெயரைப் போட்டு, எங்களைப் படித்தவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்ச் சூதாட்ட மேசையில் உட்கார வைப்பதற்கு அவர்களுக்கு உரிமை கிடையாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட ஆஃப்சைடு தீர்ப்புக்குப் பதில் எழுதுகிற தளம் அது.

ஆனாலும் மேலாளர் சொன்னபடி குறிப்பை வரிசையில் நிறுத்தினேன். அதன் பிறகு எங்கள் வழக்கப்படி இன்னொன்றும் எழுதினேன். எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள், நாங்களாகப் போகவில்லை, நாளை இந்த முகவரியில் இருப்பவர்கள் எங்கள் நண்பர்கள் அல்ல, அவர்களிடம் ஒரு காசும் கட்டாதீர்கள் என்பதுதான் அதில் இருந்தது. அதையும் பக்கத்திலேயே நிறுத்தினேன். அதன் பிறகு கண்ணாடி அறைக்குப் போய், இதற்கும் வழக்கம்போல் இரண்டு வைத்திருக்கிறேன் என்று மேலாளரிடம் சொன்னேன். அவர் தொலைபேசியில் யாருக்கோ தலையாட்டிக்கொண்டிருந்தார், அதே தலையை எனக்கும் ஆட்டினார். நான் திருட்டுத்தனமாக எதையும் செய்யவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். அப்போது நான் அங்கே ஊழியர், என் இருக்கையில் உட்கார்ந்து, என் கடவுச்சொல்லைப் போட்டு, என் வேலையைச் செய்தேன்.

அதன் பிறகு வெளியே வந்து விசிலிடமும் ரீலிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லக் கூடாது என்ற உத்தரவை மீறினேன், ஆமாம். ரீல் அழவில்லை. அன்றைக்கு எழுதவேண்டிய ஆஃப்சைடு தீர்ப்பைச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று மட்டும் சொன்னாள். அவளும் விசிலும் உட்கார்ந்து எழுதினார்கள். கடைசித் தீர்ப்பு என்பதால் விசில் அந்தக் கதாநாயகனுக்குக் கோல் கொடுத்துவிட்டார்.

இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் விஷயம் வெளியே தெரிந்துவிட்டதை அறிந்து மேலாளர் சிவந்த முகத்தோடு வந்து, எல்லோரும் மடிக்கணினியையும் நுழைவு அட்டையையும் மேசைமேல் வைத்துவிட்டு அந்த நிமிடமே வெளியேற வேண்டும் என்றார். காவலாளி எங்களோடு தினமும் டீ குடிக்கிறவர், அவரை எங்கள் பின்னால் நிற்க வைத்தார்கள், மனிதர் தரையைப் பார்த்தபடி நின்றார். விசில் தன் தேய்ந்த செருப்பை மேசைக்கடியில் தேடி எடுத்துக்கொண்டார். நான் போகும்போது மேலாளர் முன்னால் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்.

"சார், வரிசையில ரெண்டு ரெண்டா நிக்குது. யாராவது உக்காந்து பாத்து ஒண்ண எடுக்கணும்."

அதற்கு அவர், "இனிமே அது உங்க வேலை இல்லம்மா. நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

இந்த வார்த்தைகளை அப்படியே எழுதும்படி எழுத்தரைக் கேட்டுக்கொள்கிறேன். விசிலும் ரீலும் காவலாளியும் சாட்சி.

அதன் பிறகு எதிர்ச்சாரியில் இருக்கிற டீக்கடைக்குப் போய் மீதி ஆட்டத்தை அங்கே இருந்த தொலைக்காட்சியில் பார்த்தோம். நம் அணி தோற்றது. நன்றாக ஆடித்தான் தோற்றது, அதை அழுகையில் விசில் அழகாக எழுதியிருந்தார். ஆட்டம் முடிந்ததும் ரீல் கைபேசியில் தளத்தைத் திறந்தாள். முகப்பில் கோப்பையை வென்றோம் என்று ஒரு செய்தி, அதற்குக் கீழேயே கோப்பையை இழந்தோம் என்று இன்னொரு செய்தி. அதற்குக் கீழே, மகிழ்ச்சியோடு விடைபெறுகிறோம். அதற்கும் கீழே, எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, ஜெயித்தோமா தோற்றோமா என்று கேட்டார். விசில் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அந்த முகப்பைப் படம் பிடித்து ஊரே பகிர ஆரம்பித்துவிட்டது. எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

சிறிது நேரத்தில் மேலாளரிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. எப்படி நிறுத்துவது, எதை அழுத்துவது என்று பதறினார். நான் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், எந்தப் பக்கத்துக்குப் போகவேண்டும், எதைத் தொடவேண்டும் என்பதுவரை. பேரம் எதுவும் பேசவில்லை. எதை எடுப்பது என்று கேட்டார்.

"வழக்கம்தான் சார். ரெண்டுல எது நடக்கலையோ, அத எடுத்துடுங்க" என்றேன்.

இணைப்பைத் துண்டித்துவிட்டார். அதன் பிறகு பார்த்தபோது தளமே இல்லை, வெள்ளைப் பக்கம் மட்டும் இருந்தது. கதாநாயகர்களுக்குக் கொடுக்காத கோல்கள், விசிலின் அழுகைகள், ரீலின் வாதங்கள், எல்லாம் போய்விட்டன. நான் தளத்தை அழித்ததாக நிறுவனம் கொடுத்த புகாரில் எழுதியிருக்கிறார்கள். அழித்தது மேலாளர். பொய் ஒன்றை மட்டும் எடுக்க மனமில்லாமல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். இரண்டில் ஒன்றை எடுக்கத் தெரிந்தவளைப் பாதி ஆட்டத்தில் வெளியே அனுப்பியது அவர்கள் செய்த தவறு. அதற்கு நான் பொறுப்பல்ல.

நீ அங்கே உட்கார்ந்திருந்தால் இரண்டு பிரியாவிடையில் எதை எடுத்திருப்பாய் என்று ஆய்வாளர் கேட்டார். மேலாளர் கொடுத்ததைத்தான் எடுத்திருப்பேன் என்று பதில் சொன்னேன். அது உனக்கு எதிராகப் போகலாம் என்று எச்சரித்தார். தெரிந்துதான் சொல்கிறேன்.

மறுநாள், அதாவது இன்று, என்னை விசாரணைக்கு அழைத்தார்கள். துணைக்கு அண்ணன் வந்தார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், காவல் நிலைய வாசலை இதுவரை மிதித்ததில்லை. நிறுவனத்தின் வழக்கறிஞர் தட்டச்சு செய்த ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். இரண்டாவது குறிப்பு என் கைத்தவறுதலால் போய்விட்டது என்றும், ஊழியர்கள் எல்லோரும் தங்கள் விருப்பப்படியே மகிழ்ச்சியோடு விலகினார்கள் என்றும் அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் புகாரை இப்போதே திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், போடாவிட்டால் வழக்கு நடக்கும், இனி எந்தச் செய்தி அலுவலகத்திலும் எனக்கு வேலை கிடைக்காது என்றும் சொன்னார். புதிதாகத் திறக்கப்போகிற சூதாட்டத் தளத்தின் முதல் பக்கத்தில் அந்தத் தாளைப் போடுவார்களா என்று கேட்டேன். அவர் பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நகர்த்தினார்.

அண்ணன் என்னை ஓரமாக அழைத்துப் போனார். கண் கலங்கியிருந்தது. வீட்டில் அண்ணி காலையிலிருந்து சாப்பிடவில்லை என்றார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

"நாலு வரிதானேம்மா. போட்டுட்டு வா, வீட்டுக்குப் போயிடலாம்" என்றார்.

"நாலு வரியில பொய் எதுன்னு பாத்து எடுக்கறதுதான்ணே என் வேலை. அதை விட்டுட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது" என்றேன்.

அண்ணன் வழக்கறிஞரிடம் போய், என் தங்கைக்கு நேரமாகும், நீங்கள் வேண்டுமானால் போகலாம் என்று சொல்லிவிட்டு, வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார்.

மேலே உள்ளதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். ஊழியர்கள் "விலகினார்கள்" என்று ஓரிடத்தில் பழக்கதோஷத்தில் எழுதியிருந்தார். "வெளியேற்றப்பட்டார்கள்" என்று திருத்தச் சொன்னேன், திருத்திவிட்டார். மற்றபடி நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. இதே முகவரியில் யார் எந்தக் கடையைத் திறந்தாலும் அங்கே எங்கள் பெயர் இருக்கக் கூடாது என்பதையும் பதிவு செய்துகொள்ளும்படி கேட்கிறேன். கேட்டால் எந்த நீதிமன்றத்திலும் வந்து இதையே சொல்வேன், ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல்.

இவ்வளவு நேரம் மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன, வழக்கறிஞர் கொண்டுவந்தது ஒன்று, இது ஒன்று. நடக்காததை எடுத்து அவரிடமே கொடுத்துவிட்டேன். இதில் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
கத்திரி என்று அழைக்கப்படுபவர், செய்தி திருத்துபவர்