விளையாடக் கூப்பிட்டவன்

"விளையாட வாறியளோ எண்டு கேட்டவனை நேற்றுக் குழுவிலையிருந்து தூக்கிப்போட்டன்."

நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பேருந்தில், எனக்கு முன் சீற்றிலிருந்த தாடிக்காரன் இதை வீரச்செயல் போலச் சொன்னான். போர்ட் கேம் எனப்படும் பலகை விளையாட்டுகளின் பிரியர்களுக்கென்று இணையத்தில் குழு நடத்துகிறவனாம்.

பக்கத்திலிருந்த கண்ணாடிக்காரன் திரும்பிப் பார்த்தான்.

"விளையாட்டுக் குழுவிலை விளையாடக் கூப்பிட்டால் குற்றமோ?"

"விதி இருக்கடாப்பா. வாங்கின கேம் பெட்டியைப் படம் போடலாம், விமர்சனம் எழுதலாம். உவன் எல்லாப் படத்துக்குக் கீழையும் 'ஆர் வாறியள், ஆர் வாறியள்' எண்டு கேட்டுக்கொண்டு நிண்டவன். குழு இப்பதான் வளருது. கனடாவிலையிருந்தெல்லாம் ஆக்கள் சேருகினம்."

"ஓம், நானும் பாத்தனான். ஒருத்தரும் பெட்டியின்ரை பொலித்தீனைக்கூட உரிக்கேல்லை. பிறந்த பிள்ளையைப் போலக் கட்டிலிலை கிடத்திப் படம் எடுத்துப் போடுறியள்."

"உரிச்சால் ஊத்தையாப் போயிடுமெல்லோ."

"சரி, நீ தூக்கின பெடியன் எந்த ஊர்?"

"உடுப்பிட்டிதான். எங்கடை வீட்டுக்கு அடுத்த ஒழுங்கை."

கண்ணாடிக்காரன் அவன் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தான்.

"அப்ப நீ ஆரோடை விளையாடுறனி?"

"நானோ?" தாடிக்காரன் போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "எனக்கெங்கையடா நேரம்? குழுவைப் பாக்க வேணுமெல்லோ."