கிணற்றடி மண்

என் மனைவியின் தம்பி கார்க் கண்ணாடியைக் குடைக்காம்பால் இடித்துக்கொண்டிருந்தபோது, நான் அலுவலகத்தில் டீக்குச் சர்க்கரை தேடிக்கொண்டிருந்தேன். அரை ஸ்பூன்தான் போடுவேன். உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் இல்லையா, சார்?

"மாமா, உங்க கம்பெனி காருக்கு என்மேல என்ன கோபம்? தானா ஓரங்கட்டி நின்னுக்கிச்சு. கதவும் திறக்கல. அக்கா மாதிரியே பிடிவாதம்."

"பொறு மாப்ளே, பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

பொய்யில்லை. திரையில் அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தானே ஓடும் கார்களுக்குள் வெளியாள் புகக்கூடிய ஓட்டைகளைக் கண்டுபிடித்து அடைப்பது என் வேலை. ஒன்றை மட்டும் எனக்கென்று வைத்திருந்தேன். அதன் வழியாகப் போய்த்தான் காரை ஆளில்லாத மைதானத்தில், உச்சி வெயிலில் நிறுத்தினேன். கதவைப் பூட்டி ஹீட்டரைப் போட்டேன். காரோடு இணைந்திருந்த போனில் அவன் யாரை அழைத்தாலும் அழைப்பு என்னிடமே வரும்படி செய்திருந்தேன். யாரையும் இடிக்கவில்லை. சிக்னலைக்கூட மீறவில்லை.

நல்ல பையன். மண் பரிசோதனைக்கூடத்தில் வேலை. அக்காவின் கைநடுக்கத்துக்கும் வயிற்றுவலிக்கும் காரணம் எந்த டாக்டருக்கும் பிடிபடவில்லை என்றதும், எங்கள் கிணற்றடி மண்ணை அள்ளிப்போய்ச் சோதித்தான். முடிவை டாக்டரிடம் சொல்லக் கிளம்பியவன், வழியில் முதலில் என்னைத்தான் அழைத்தான்.

"மண்ணு பூரா ஈயம், மாமா. எவனோ பழைய பேட்டரியப் புதைச்சு, ஆசிட் ஊத்தி ஊத்திக் கரைச்சு, கிணத்துக்கு இறக்கியிருக்கான். கையில கிடைச்சா தோலை உரிச்சிடுவேன்."

"வேற யார்கிட்ட சொன்னே?"

"உங்களை விட்டா எனக்கு யாரு மாமா?"

அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. அதன் பிறகுதான் கார் நின்றது.

கடைசியில் குடையைக் கீழே போட்டுவிட்டான். "அக்காவப் பாத்துக்குங்க" என்றான். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். டீ நன்றாக இருந்தது.

அவன் மடியிலிருந்த மண் டப்பாவை மட்டும் அந்தச் சூடு ஒன்றும் செய்யவில்லை. அதுதான் உங்களை என் வீட்டுக் கிணற்றுக்குக் கூட்டிவந்தது.

ஆமாம், புதைத்தது நான்தான். அவளைக் கொல்வதற்கு என்று தப்பாக எழுதிக்கொள்ளாதீர்கள். அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. பெட்டியெல்லாம் கட்டிவிட்டாள். நடக்கத் தெம்பில்லாதவள் எங்கே போவாள்? நான் கேன் தண்ணீர்தான் குடிப்பேன். அவளுக்குக் கிணற்றுத் தண்ணீர். நானே காய்ச்சி, ஆறவைத்து, என் கையால் கொடுப்பேன். எந்தப் புருஷன் இவ்வளவு செய்வான்?

ஆஸ்பத்திரியில் தேறிவருகிறாள் என்கிறீர்கள். தேறினால் போய்விடுவாள், சார். வீட்டிலிருந்து ஒரு குடம் தண்ணீர் மட்டும் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். வேறு தண்ணீர் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது.