டெலிபோன் அக்காவின் வழக்கு சாகவில்லை

மேடையில் வீற்றிருக்கும் பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, நமக்காக வாதாடிவரும் வழக்கறிஞர் அம்மா அவர்களே, அக்காவின் கணவர், என் அன்புக்குரிய மாமா அவர்களே, யார் கண்ணிலும் படாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும் சுற்றுச்சூழல் அலுவலக அதிகாரி அவர்களே, நாற்காலி கிடைக்காமல் வாசல்வரை நிற்கும் என் தெரு மக்களே! உங்கள் அனைவருக்கும் கனத்த இதயத்தோடு வணக்கம்.

கனத்த இதயம் என்றா சொன்னேன்? மன்னியுங்கள், அது நேற்று தயாரித்த பேச்சு. இன்று காலை தீர்ப்பாயத்தின் படியிறங்கியபோது நெஞ்சின் மேலிருந்து ஒரு பாறாங்கல்லை யாரோ எடுத்துக் கீழே வைத்ததுபோல் இருந்தது. இரங்கல் கூட்டத்தில் ஒருவன் இப்படிப் பல்லைக் காட்டிக்கொண்டு பேசலாமா என்று நீங்கள் முறைக்கலாம். தாராளமாக முறையுங்கள். அக்கா இங்கே இருந்திருந்தால் என்னைவிடப் பலமாகச் சிரித்திருப்பார்.

அக்காவின் பிறந்த வீட்டுச் சொந்தங்கள் வெளியூரிலிருந்து வந்திருக்கிறீர்கள். உங்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். இந்தத் தெருவின் கோடியில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உலையில் உருக்கும் ஆலை இருக்கிறது. அதன் மதிலுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். நான் தெரு நடுவில் சலவைக் கடை வைத்திருப்பவன். காலையில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை ஆலைப் புகையில் மதியத்துக்குள் சாம்பல் பூத்துவிடும். சட்டையை நான் மறுபடியும் துவைத்துக்கொள்வேன். பிள்ளைகளின் ரத்தத்தில் ஏறிய ஈயத்தை எந்தச் சோப்புப் போட்டுத் துவைப்பது? வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுத பிள்ளைகள் எத்தனை பேர்! நேற்றுப் படித்தது இன்று மறந்துபோய் விழித்த பிள்ளைகள் எத்தனை பேர்! தலைமையாசிரியை அவர்களிடம் கேளுங்கள், சொல்வார்.

அப்போதுதான் நம் டெலிபோன் அக்கா போனைக் கையில் எடுத்து, சுற்றுச்சூழல் அலுவலகத்தை அழைக்கத் தொடங்கினார். ஆயுளில் பாதியைத் தொலைபேசி நிலையத்தில் ஆப்பரேட்டராகக் கழித்தவர் அவர். குரலை உயர்த்தவே மாட்டார். எதிர்முனைக்காரர் வைக்கும்வரை தானாக வைக்கவும் மாட்டார். "சார் சீட்ல இல்லம்மா" என்று சொன்னால், "பரவாயில்லப்பா, வர்ற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்" என்பார். இருப்பார்! ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு பட்டாணி உரித்துக்கொண்டே இருப்பார். நம் அதிகாரியே என்னிடம் சொல்லியிருக்கிறார். ஒருநாள் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் போன் மேசையில் அப்படியே கிடக்கிறதாம். எடுத்து, "அம்மா, இன்னுமா வைக்கல?" என்றிருக்கிறார். "எனக்கென்னப்பா அவசரம்? நீ நல்லா சாப்பிட்டியா? இப்பச் சொல்லு, அந்தப் புகைபோக்கிய எப்ப வந்து பாக்கப்போற?"

மாமா சிரிக்கிறார். சிரியுங்கள் மாமா! "கல்யாணம் ஆனதுலேருந்து என்கூடப் பேசினதவிட அந்த ஆபீஸ்காரங்ககிட்டப் பேசினதுதான்யா அதிகம்" என்று அலுத்துக்கொள்வீர்களே, அந்த அலுப்பில் எவ்வளவு பெருமை இருந்தது என்று எனக்குத் தெரியாதா?

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது ஊரறிந்த விஷயம். ஒருமுறை கையில் கல்லோடு ஆலை கேட்டை நோக்கிக் கிளம்பிவிட்டேன். அக்கா வாசலிலேயே மறித்துவிட்டார். "கல்ல அங்க போட்டுட்டு உள்ள வா. நீ கேட்ட உடைச்சேன்னு வை, நாளைக்குப் பேப்பர்ல கேட்டப் பத்தித்தான் வரும். புகையப் பத்தி ஒரு வரி வராது." என்ன பெண்மணி ஐயா! கல்லைப் போட்டேன். உள்ளே போனேன். மிச்சமிருந்த பட்டாணியை நான்தான் உரித்தேன்.

போன் போதாது என்று தெரிந்த பிறகு பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டார். தன் ஒருத்தி பெயரில் போட்டார். நாங்களும் கையெழுத்துப் போடுகிறோம் என்று போனபோது சேர்க்க மறுத்துவிட்டார். "உலையில வேலை பாக்குறவங்க பாதிப் பேரு நம்ம தெருதான். நாளைக்கு உங்களுக்குள்ள மூஞ்சி குடுத்துப் பேச முடியாமப் போயிரும். எம்பேரு மட்டும் இருக்கட்டும், திட்டு விழுந்தா எனக்கே விழட்டும்." உலையை மூடினால் தொழிலாளிக்குச் சம்பளம் தர வேண்டும், அவர்களுக்கும் சிகிச்சை தர வேண்டும் என்றும் அதே மனுவில் கேட்டவர் அவர். வழக்கு முடியும்வரை உலையை அணைத்து வையுங்கள் என்று இடைக்கால உத்தரவு வந்தது. புகை நின்றது. அக்கா தன் வீட்டுச் சன்னலையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க அதன் அருகிலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்த நிம்மதியோடுதான் போனார். தூக்கத்திலேயே, யாரையும் தொந்தரவு செய்யாமல் போனார். அழுதோம். நான் கடையை மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அழுத ஈரம் காய்வதற்குள் ஆலைத் தரப்பு வக்கீல் ஒரு மனுவை நீட்டினார். வழக்குப் போட்டவர் இறந்துவிட்டார், வழக்கை முடித்துவிடுங்கள், உலையைப் பற்றவைக்க அனுமதியுங்கள் என்றார். அத்தோடு விட்டாரா? பதிவாகியிருக்கும் புகார்கள் அத்தனையும் ஒரே அம்மாவுடையவை, தெருவில் வேறு யாருக்கும் குறை இல்லை, அந்த அம்மாவுக்குப் பொழுது போகவில்லை, அதனால் போன் செய்துகொண்டிருந்தார் என்றார்!

பொழுது போகவில்லையாம்! எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் அன்பர்களே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், பதிவேட்டில் இருந்தது என்ன? என் சாம்பல் பூத்த சட்டைகள் இருந்தனவா? உங்கள் பிள்ளையின் வயிற்றுவலி உங்கள் வாயால் சொல்லப்பட்டு இருந்ததா? இருமல் வந்தால் யாரிடம் போனோம்? அக்காவிடம். எரிச்சல் வந்தால் யாரிடம் போனோம்? அக்காவிடம். "அக்கா பேசிக்குவாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டோம். அவர் அவ்வளவு நன்றாகப் பேசினார், நாம் எல்லோரும் ஊமையாகிவிட்டோம். அவர் போனதும் தெருவுக்கே குறையில்லாமல் போய்விட்டது. காகிதத்தில் அப்படித்தான் இருந்தது.

பாதிக்கப்பட்டவர்கள் வேறு யாராவது இருந்தால் அவர்களே முன்வந்து சொல்லட்டும் என்று தீர்ப்பாயம் கொஞ்சம் அவகாசம் கொடுத்தது. அடேயப்பா, அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது! புகார் பதிய அலுவலகத்துக்குத் தையல்காரர் போன் போட்டார். அதிகாரி "ஹலோ" என்றதும், "ராங் நம்பருங்க" என்று வைத்துவிட்டார். அவர்தான் போட்டது, ராங் நம்பர் என்றதும் அவரேதான்! நான்? மேடைகண்ட பேச்சாளன். மணி அடித்து, எதிர்முனையில் எடுத்ததும், என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "பெரியோர்களே!" அதிகாரி பயந்துபோய், "யாருங்க? பின்னாடி கூட்டமா இருக்காங்களா?" என்று கேட்டார். ஆனாலும் பேசினோம். திக்கித் திணறிப் பேசினோம். மறுநாளும் பேசினோம். அலுவலகத்தில் டீ குடிக்க விடவில்லை என்று அதிகாரி புகார் சொன்னார். ஐயா, அந்த ஒரு புகாரை மட்டும் நாங்கள் பதிவு செய்ய முடியாது.

விசாரணை நாளன்று நான் ஒரு மணி நேரம் பேசத் தயாராகப் போயிருந்தேன். எனக்கு முன்னால் எழுந்து நின்றவர் யார் தெரியுமா? இதோ முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாரே, உலைத் தொழிலாளியின் மனைவி, எனக்குத் தங்கச்சி மாதிரி. உலை அணைந்ததிலிருந்து அவர் வீட்டுக்காரருக்கு வேலை இல்லை. அக்கா எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர் அவர். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"அந்தம்மா மேல எனக்கு இன்னமும் கோவம் இருக்குதுங்க. எங்க வீட்ல அடுப்பெரியறதே கஷ்டமாயிருக்கு. ஆனா எம் பொண்ணு ரத்தத்துல இருக்கிறது அந்தம்மாவோட பொழுதுபோக்கு இல்லைங்க ஐயா."

அவ்வளவுதான். என் ஒரு மணி நேரப் பேச்சை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இன்று காலை உத்தரவு வந்துவிட்டது. நல்ல காற்றுக்கான உரிமை மூச்சுவிடும் ஒவ்வொருவருக்கும் உரியது, மனுதாரர் ஒருவர் மறைந்தார் என்பதற்காக வழக்கை மூடிவிட முடியாது, அது தொடரும், உலை அணைந்தே இருக்கும். அப்பாடா! இந்த "அப்பாடா"வை நான் தீர்ப்பாயத்துக்குள்ளேயே சத்தமாகச் சொல்லிவிட்டேன். காவலர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

அக்காவின் பெயர் இருந்த இடத்தில் யார் பெயரை எழுதுவது என்று வழக்கறிஞர் அம்மா கேட்டார். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள், "எம் பேர எழுதுங்க. வேலையும் போயி பிள்ளையும் நோவுல கிடக்குறவ கேட்டா, அதையாவது நம்புவாங்கல்ல" என்றது இந்தத் தங்கச்சியின் குரல். அதன் கீழே தெரு முழுவதும் வரிசையாக நின்று பெயர் கொடுத்தது. தையல்காரரும் கொடுத்தார்.

பெருமக்களே! நிம்மதிதான், ஆனால் வேலை முடிந்துவிடவில்லை. பள்ளி மதிலையொட்டி ஆலைக் கசடு மலைபோல் குவிந்து கிடக்கிறது. மழை வந்தால் அது பிள்ளைகள் விளையாடும் இடத்துக்குத்தான் கரைந்து வரும். மழைக்கு முன் அதை அள்ளவைப்போம். தொழிலாளிகளின் நிலுவைச் சம்பளத்தை வாங்கித் தருவோம். ஒவ்வொரு பிள்ளையின் ரத்தமும் சுத்தமாகும்வரை சிகிச்சை தரவைப்போம். இது அக்காவின் படத்துக்கு முன் இந்தத் தெரு கொடுக்கும் வாக்கு!

இப்போது இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறார்கள். என்னை மன்னிக்க வேண்டும். அந்த அம்மாள் உயிரோடு இருந்த காலமெல்லாம் நாம் அவருக்கு மௌனத்தைத்தான் கொடுத்தோம். போதும். சுற்றுச்சூழல் அலுவலகத்தின் புகார் எண்ணைப் பின்னால் பலகையில் எழுதி வைத்திருக்கிறேன். எல்லோரும் எழுந்து நின்று போனை எடுங்கள். உங்கள் பெயர், உங்கள் வீட்டு எண், பள்ளி மதிலோரம் கிடக்கும் கசடு, இந்த மூன்றையும் உங்கள் வாயால் சொல்லுங்கள். தங்கச்சி, முதல் அழைப்பு உங்களுடையது. மேடைக்கு வாருங்கள் அம்மா, இந்த மைக்கை நான் பிடித்துக்கொள்கிறேன். மணி அடிக்கிறதா? எடுத்துவிட்டார்களா? பேசுங்கள்.